வடகடல் தூண்டில், மேட்டூர் தண்ணீர்

வெள்ளி இரவு, சேலம்

புரட்டாசி பிறக்க இன்னும் சில நாள்தான். பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் மீன் சட்டி பரணுக்குப் போய்விடும், ஒரு மாதம் அந்தப் பேச்சே கிடையாது. அதனால்தான் மச்சான் ஊருக்கு வரப்போவதாகச் சொன்னதும், "வர்றதா இருந்தா ஆவணிக்குள்ள வந்துடுங்க" என்று முன்கூட்டியே சொல்லி வைத்தேன். சொன்னபடி வந்துவிட்டார்.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில், டைன் ஆறு வடகடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கிறார். செவ்வாய்ப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவர். கல்லூரிச் சுற்றுலாவில் ராமேஸ்வரம் போனபோதுதான் முதன்முதலாகக் கடலைப் பார்த்தாராம். அப்படிப்பட்டவர் இன்றைக்கு நண்பர்களோடு பங்கு போட்டு ஒரு சின்னப் படகு வைத்திருக்கிறார். பதினாறு அடி ஃபைபர் படகு. பின்னால் ஒரு மோட்டார், முன்னால் மழைக்கு ஒதுங்க ஒரு சின்னக் கூண்டு. வீட்டு வாசலில் டிரெய்லர் மேல் நிற்கும். விடுமுறை நாளில் காற்றும் அலையும் ஒத்துவந்தால் காரில் கட்டி இழுத்துக்கொண்டு போய்த் தண்ணீரில் இறக்கிவிட வேண்டியதுதான். பிடிக்கப் போவது காட் மீன்.

காட் நமக்கு முற்றிலும் அந்நியம் என்று சொல்ல முடியாது. மருந்துக்கடையில் மஞ்சளாக, ஒளி ஊடுருவும் உருண்டை உருண்டையாக மீன் எண்ணெய் மாத்திரை வாங்கி விழுங்கியிருப்போமே, அந்த எண்ணெய் இந்த மீனின் ஈரலிலிருந்து எடுப்பதுதான். முழு மீனைத்தான் நம்மில் முக்கால்வாசிப் பேர் பார்த்ததில்லை. மொட்டை மாடியில் உட்கார்ந்து தட்டுவடை செட்டைக் காலி செய்துகொண்டே போனில் படம் காட்டினார். பச்சையும் பழுப்பும் கலந்த உடம்பு முழுக்கப் புள்ளி. பக்கவாட்டில் தலையிலிருந்து வால் வரை ஒரு வெள்ளைக் கோடு. முதுகில் மூன்று துடுப்பு. மோவாயில் ஒரே ஒரு மீசை.

"நம்ம கெளுத்திக்கு நாலு ஜோடி மீசை. இதுக்கு ஒத்த மீசைதான் மாப்ள. அதை வெச்சுத் தரையைத் தடவித் தடவி இரை தேடும்."

அடுத்தடுத்த படங்களில் நிறம் மாறிக்கொண்டே போனது. மணல் தரையில் திரிவது வெளிறிப்போய் இருக்கும், பாசிக்காட்டுப் பாறைக்குள் வாழ்வது செம்பழுப்பாக இருக்கும் என்றார். பிடித்த மீனைப் பார்த்தே அது எந்தத் தரையில் மேய்ந்தது என்று ஓரளவு சொல்லிவிடலாமாம்.

பெட்டியிலிருந்து தன் சாமான்களை எடுத்து வைத்தார். மடக்கு ராடு இரண்டு, ரீல், கையகல ரப்பர் மீன்கள், அப்புறம் வாழைப்பூ மடல் நீளத்தில் பளபளவென்று ஒரு உலோகத் துண்டு. அதன் அடியில் மூன்று முள் சேர்ந்த ஒரு கொக்கி. நான் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவன், பளபளப்பைக் கண்டால் கை சும்மா இருக்காது. வாங்கி எடை பார்த்தேன். உள்ளே ஈயம், மேலே குரோமிய முலாம். கொக்கி தொங்கும் வளையம் இரட்டைச் சுற்று, பற்றவைப்பே இல்லாமல் சுருளாகவே வளைத்திருக்கிறார்கள். மீன் எப்படி முறுக்கினாலும் வளையம் பிரியாதாம். எங்கள் பட்டறைப் பையன்கள் பார்க்க வேண்டிய வேலை.

இதைக் கடலடி வரைக்கும் இறக்கி, தூக்கித் தூக்கி விட வேண்டும். அடிபட்ட சின்ன மீன் துடிப்பதாக நினைத்து காட் வந்து கவ்வும். குளிர்காலத்தில் கரையோரம் என்றால் மணலில் தோண்டியெடுத்த புழு, ஓடு கழற்றுகிற நண்டு, கணவாய்த் துண்டு என்று நிஜமான இரை. கோடையில் ஆழத்துக்குப் போனால் இந்த உலோகமும் ரப்பரும் போதும்.

"ஆழத்துல எங்க இருக்கும்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது, மணி பன்னிரண்டு ஆகிவிட்டது. சாரம் இதுதான். அந்தக் கடலடியில் மூழ்கிய கப்பல்கள் ஏராளம். இரண்டு உலகப் போர்களிலும் அந்தக் கரையோரம் போன சரக்குக் கப்பல்கள் குண்டுக்கும் கண்ணிவெடிக்கும் பலியாகி அப்படியே கிடக்கின்றன. இருபது முப்பது பாகம் (ஒரு பாகம் ஆறு அடி) ஆழத்தில், வெறும் மணலுக்கு நடுவே துருப்பிடித்த இரும்பு. அதில் பாசி, சிப்பி, நண்டு. அவற்றைத் தின்னச் சின்ன மீன், சின்ன மீனைத் தின்ன காட். படகுக்குக் கீழே ஒலியை அனுப்பித் தரையைத் திரையில் வரைந்து காட்டும் கருவி இருக்கிறது. அதில் கப்பல் ஒரு மேடாகத் தெரியும். அதற்குக் கொஞ்சம் முன்னாலேயே மோட்டாரை நிறுத்திவிட்டு, நீரோட்டம் படகைக் கப்பலின் மேல் நகர்த்திக்கொண்டு போக விடுவார்கள். ஓதம் ஏறி முடிந்து இறங்கத் தொடங்குவதற்கு நடுவில் தண்ணீர் கொஞ்ச நேரம் அசையாமல் நிற்குமே, அதுதான் நல்ல நேரம். அந்த நேரத்துக்காகவே அலாரம் வைத்து எழுந்து போவார்களாம்.

"இங்க கப்பலுக்கு எங்க போறது?" என்றார்.

கப்பல் இல்லை, கோயில் இருக்கிறது என்றேன்.

சனி, மேட்டூர்

சேலத்திலிருந்து ஓமலூர், மேச்சேரி வழியாக மேட்டூர் ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். மேச்சேரியில் பத்ரகாளியம்மனுக்கு ஒரு கும்பிடு. வழியைப் பற்றி இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை. அனல் மின் நிலையத்தின் புகைபோக்கி கண்ணில் பட்டால் வந்துவிட்டோம் என்று அர்த்தம்.

அணை நிரம்பி இருந்தது. 120 அடிக்கு ஒன்றிரண்டு அடிதான் குறைவு. சேலத்துக்காரர்களுக்கு இந்த எண் நாடித்துடிப்பு போல. தினமும் பேப்பரில் நீர்மட்டம், நீர்வரத்து, வெளியேற்றம் மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் அடுத்த பக்கம். மச்சான் சிரித்தார். அங்கே பிபிசி வானொலியில் கடல் வானிலை வாசிப்பார்களாம். கடலைப் பகுதி பகுதியாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள். டைன் ஒரு பகுதி, டாகர் ஒரு பகுதி. காற்று எந்தத் திசை, எத்தனை வேகம் என்று ஒரே குரலில் சொல்லிக்கொண்டே போவார்கள். படகே இல்லாதவர்கள்கூடத் தூங்கப் போகும்முன் அதைக் கேட்பதுண்டாம். டெல்டாவில் ஒரு சென்ட் நிலம் இல்லாத நாமும் மேட்டூர் நீர்மட்டம் பார்க்கிறோமே என்றேன்.

அணை வரலாறு பலருக்கும் தெரியும், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1925இல் தொடங்கி 1934இல் முடித்தார்கள். அப்போது சென்னை மாகாண ஆளுநராக இருந்த ஜார்ஜ் ஸ்டான்லியின் பெயரால் நீர்த்தேக்கத்துக்கு ஸ்டான்லி நீர்த்தேக்கம் என்று பெயர். கொள்ளளவு 93.47 டி.எம்.சி. வழக்கமாக ஜூன் 12ஆம் தேதி டெல்டா பாசனத்துக்குத் தண்ணீர் திறப்பார்கள்.

மீன் பக்கத்துக் கதை இந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. காவிரியில் அந்தக் காலத்தில் கடலிலிருந்து உல்லம் மீன் ஏறி வரும். வங்காளிகள் உயிரை விடும் இல்லிஷ் மீன்தான் அது. முட்டையிட ஆற்றை எதிர்த்து மேலே போகும் சாதி. அணை வந்தபின் பாதை அடைபட்டது, காவிரி உல்லத்தின் கதை ஏறக்குறைய முடிந்தது. இன்று மேட்டூர் மீன் என்று நாம் கேட்டு வாங்கும் கட்லாவும் ரோகுவும் காவிரிக்குப் பூர்வீகம் கிடையாது. வடக்கத்தி ஆறுகளின் மீன்கள், கொண்டுவந்து விடப்பட்டவை. ஜிலேபி ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. இப்போதும் மேட்டூரில் அரசு மீன்பண்ணையில் குஞ்சு வளர்த்து அணையில் விடுகிறார்கள். அதைத்தான் பரிசல்காரர்கள் பிடிக்கிறார்கள்.

இதைக் கேட்டு மச்சான் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "கடல்ல குஞ்சு விட ஆள் கிடையாது மாப்ள" என்றார். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கரையில் ஐநூறு வருடமாக காட் பிடித்தார்கள். தீரவே தீராது என்று நினைத்த மீன். பெரிய இழுவைக் கப்பல்கள் வந்து வாரிக்கொண்டு போனபின் ஒரு நாள் மீன் இல்லை. 1992 ஜூலையில் அரசு காட் பிடிக்கவே தடை போட்டது. ஒரே அறிவிப்பில் முப்பதாயிரம் பேருக்கு மேல் வேலை போயிற்று. வடகடலிலும் காட் முன்பு போல இல்லை. இவரைப் போலப் பொழுதுபோக்குக்குப் போகிறவர்களே இப்போது இரண்டு மூன்று கிடைத்தால் போதும் என்று திரும்பிவிடுகிறார்களாம். 35 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் தண்ணீரிலேயே விட்டுவிட வேண்டும். உரிமம் இல்லாத சொந்தப் படகில் பிடித்ததை விற்கக் கூடாது. வீட்டுக்குச் சாப்பிடலாம், பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கலாம், அவ்வளவுதான்.

அணைப் பூங்கா பக்கத்து மீன் கடைகளில் மதியச் சாப்பாடு. கண்ணெதிரே வெட்டி, மசாலா தடவி, பெரிய இரும்புச் சட்டியில் போடுகிறார்கள். எண்ணெய் கறுப்பாகத்தான் இருந்தது, சொல்லாமல் இருக்க முடியாது. கடையை மாற்றிக்கொண்டோம். இரண்டாவது கடையில் ஜிலேபி முழுசாக, கீறல் போட்டு, மொறுமொறுவென்று வந்தது. மச்சானின் பிள்ளைகள் ரோகுவைத் தொடமாட்டார்கள், முள் பயம். காட் சதை வெந்ததும் பெரிய பெரிய இதழாகப் பிரிந்துவிடும், முள் எளிதில் வந்துவிடும். அங்கே வளர்ந்த வாய்க்கு மேட்டூர் ரோகு ஒரு பரீட்சை.

மாலை கொளத்தூர் போய்ச் சேர்ந்தோம். என் சித்தி வீடு அங்கே. சித்திக்குத் தெரிந்த ஒரு பரிசல்கார அண்ணன் மறுநாள் விடியற்காலை கூட்டிக்கொண்டு போக ஒப்புக்கொண்டார். பண்ணவாடித் துறையில் பல வருடமாக உரிமம் வைத்து மீன் பிடிப்பவர். ஒரே நிபந்தனை: "காத்து எந்திரிக்கறதுக்குள்ள திரும்பிடணும். ஒம்பது மணிக்கு மேல நீங்க சொன்னாலும் நான் இருக்க மாட்டேன்."

மச்சானுக்கு அப்போதே அவரைப் பிடித்துவிட்டது.

ஞாயிறு, பண்ணவாடி

நாலரை மணிக்குத் துறையில் இருந்தோம். இருட்டில் கவிழ்த்து வைத்த பரிசல்கள் வரிசையாகக் கிடந்தன. அக்கரை நாகமறை, தருமபுரி மாவட்டம். பகலில் ஆட்களும் வண்டிகளும் இங்கிருந்து அக்கரைக்குப் போய்வருவது உண்டு. இந்த நேரத்தில் மீன்காரர்கள் மட்டும்தான். பெரும்பாலும் புருசன் பெண்சாதி ஜோடியாக. ஒருவர் துடுப்பு, ஒருவர் வலை.

எங்கள் பரிசலிலும் அண்ணனோடு அக்காவும் வந்தார். துடுப்பு அக்கா கையில். மூங்கில் பத்தைகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய கூடை, வெளியே பிளாஸ்டிக் ஷீட், அதன் மேல் தார். முந்தைய தலைமுறையில் தோல் போர்த்துவார்கள் என்றார் அண்ணன். உள்ளே உட்கார்ந்ததும் மூங்கில் முதுகெலும்பில் அழுத்துகிறது. காலடியில் எப்போதும் ஒரு கை தண்ணீர். அதை இறைக்க, வாயை வெட்டிய எண்ணெய் கேன். மச்சான் தன் ஊரிலிருந்து கொண்டுவந்த காற்றடைத்த லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டார். எனக்குத் துறையில் ஒன்று கொடுத்தார்கள். அக்கா எங்களைப் பார்த்த பார்வையில் கேலி இல்லை. "போட்டுக்கங்க, நல்லதுதான்" என்றார். அவர்கள் இருவரும் போடவில்லை. ஏன் என்று மச்சான் கேட்டதற்கு, வலை இழுக்கும்போது பட்டையில் மாட்டும் என்று பதில். வடகடலிலும் சின்னப் படகுக்காரர்கள் பலர் இதையேதான் சொல்வார்கள் என்று என் காதில் சொன்னார். சொல்லிவிட்டு, தண்ணீரில் விழுந்தால் அங்கே குளிரே முதலில் ஆளை முடக்கிவிடும், கை வேலை செய்யச் சில நிமிடம்தான் கிடைக்கும் என்றும் சேர்த்துக்கொண்டார். இங்கே குளிர் இல்லை. ஆனால் கரை தூரம்.

மச்சான் படகுக்காரப் பழக்கத்தில் எழுந்து நின்று ராடை வீசப் பார்த்தார்.

"உக்காருங்க சார். நின்னா நீங்க மட்டும் தண்ணிக்குள்ள போக மாட்டீங்க, நாங்களும் கூட வருவோம்" என்றார் அக்கா. அதற்கப்புறம் கரை சேரும்வரை மச்சான் முட்டி போட்டபடிதான்.

முதலில் முந்தின நாள் சாயங்காலம் விட்ட வலையை எடுத்தார்கள். வலைக்கு அடையாளம் ஒரு தெர்மோகோல் துண்டு, இருட்டில் அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. அண்ணன் வலையின் மேல்கயிற்றைப் பிடித்து இழுக்க இழுக்கப் பரிசலே வலையின் மேல் நகர்ந்து போனது. மெல்லிய நைலான் நரம்பு வலை நனைந்து டார்ச் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியவில்லை. திடீரென்று ஒரு மீன் மட்டும் காற்றில் தொங்குவது போல மேலே வரும். கட்லா ஒன்று, நாலு கிலோ இருக்கும். செவுளுக்குப் பின்னால் நரம்பு இறுக்கியிருந்தது. அண்ணன் இழுத்துப் பிய்க்கவில்லை. தலைப் பக்கமாகக் கண்ணியை ஒவ்வொன்றாகத் தள்ளி, கடைசிக் கண்ணியை நகத்தால் தூக்கி விட்டார். மீனை முன்பக்கமாகவே எடுக்க வேண்டும், பின்பக்கம் இழுத்தால் செதில் போகும், செதில் போன மீனுக்குக் கரையில் விலை குறையும். அடுத்து ரோகு, ஜிலேபி, கையைப் பதம் பார்க்கும் கெளுத்தி. கெளுத்தி முள்ளை அக்கா துடுப்புக் கட்டையால் ஒரே தட்டில் ஒடித்துவிட்டுத்தான் கூடையில் போட்டார்.

வெளிச்சம் வந்தது. பாலமலைப் பக்கம் மஞ்சு இறங்கியிருந்தது. அப்போதுதான் மச்சான் மெதுவாகக் கேட்டார், "அண்ணா, அந்தக் கோயில் இருக்கிற இடத்துக்குப் போலாமா?"

விஷயம் தெரியாதவர்களுக்காக: அணை கட்டியபோது இந்தப் பள்ளத்தாக்கில் இருந்த ஊர்கள் காலி செய்யப்பட்டன. மக்கள் மேட்டுக்குப் போனார்கள், கட்டிடங்கள் நின்ற இடத்திலேயே நின்றன. பண்ணவாடிப் பக்கம் ஜலகண்டேஸ்வரர் கோயில், அதன் பெரிய நந்தி, ஒரு பழைய கிறிஸ்தவக் கோயிலின் கோபுரம் எல்லாம் தண்ணீருக்குள்தான். வறட்சி ஆண்டுகளில் நீர்மட்டம் இறங்க இறங்க முதலில் கோபுரமும் பின்னால் நந்தியும் தலை காட்டும். அப்போது சேலத்திலிருந்து கூட்டம் கூட்டமாக வந்து போட்டோ எடுப்பார்கள். நிரம்பிய அணையில் அங்கே பார்க்க ஒன்றுமில்லை, தண்ணீர்தான்.

அண்ணன் தயங்கினார். "அங்க நாங்க வலை விட மாட்டோம். கல்லுல மாட்டி எல்லாம் கிழிஞ்சுடும். பழைய மரக்கட்டை வேற கெடக்கு."

மச்சான் என்னைத் திரும்பிப் பார்த்த முகத்தை நான் மறக்கமாட்டேன். வெள்ளி இரவு அவர் சொல்லாமல் விட்ட ஒன்றை இப்போது சொன்னார். மூழ்கிய கப்பலில் மீன் சேர்வதற்குத் தீனி மட்டும் காரணமில்லை. இழுவை வலைக்காரர்கள் அந்தப் பக்கமே வரமாட்டார்கள், இரும்பில் மாட்டினால் லட்சக்கணக்கில் நட்டம். வலை போக முடியாத அந்த ஒரு துண்டுத் தரையில்தான் மீன் பிழைத்துக் கிடந்து பெரிதாகிறது. அதனால்தான் தூண்டில்காரன் அங்கே போகிறான். நந்தியும் கோபுரமும் மரக்கட்டையும் இங்கே அதே வேலையைச் செய்கின்றன.

அக்காவுக்கு இது ஒரு கண்டுபிடிப்பாகவே தெரியவில்லை. "அது எங்களுக்கும் தெரியுமே. எடுக்கத்தான் வழியில்ல" என்றார்.

இடத்தை அண்ணன் கண்டுபிடித்த விதம்: கரையில் ஒரு புளியமரத்தையும் அதற்குப் பின்னால் மலையின் ஒரு மடிப்பையும் ஒரே நேர்கோட்டில் கொண்டுவந்தார். அப்புறம் இன்னொரு பக்கம் திரும்பி, தண்ணீர்த் தொட்டியையும் ஒரு பாறையையும் நேராக்கினார். இரண்டு கோடும் வெட்டிக்கொள்ளும் இடம். செயற்கைக்கோள் கருவி வருவதற்கு முன் வடகடலில் கப்பல் கிடக்கும் இடத்தை இப்படித்தான், தேவாலயக் கோபுரத்தையும் கலங்கரை விளக்கத்தையும் வைத்துக் குறித்துக்கொள்வார்களாம். மச்சான் தன் போனில் புள்ளி குறித்துக்கொள்ளப் போனார். அண்ணன் "வேணாம் சார்" என்றார். மச்சான் போனைப் பையில் போட்டுவிட்டார். நானும் புளியமரம் எது என்று எழுதப் போவதில்லை.

கையகல ரப்பர் மீன், உள்ளே ஈயத் தலை. மச்சான் முடிச்சுப் போட்டு, எச்சில் தொட்டு இறுக்கி, பல்லால் நரம்பு நுனியைக் கடித்துத் துப்பினார். இறக்கினார். அவர் எண்ணிக்கொண்டே விட, ஐம்பது அடி சுமாரில் ஈயம் தட்டியது. அந்தத் தட்டல் ராடு வழியாகக் கைக்கு வரும். என்னையும் பிடித்துப் பார்க்கச் சொன்னார். சேறு என்றால் மெத்தென்று நிற்கும், கல் என்றால் டொக்கென்று ஏறும். இது டொக். கீழே இருந்தது கோயில் சுவரா, வெறும் பாறையா, சொல்ல முடியாது. ஆனாலும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

முதல் தடவை மாட்டிக்கொண்டது. கப்பலில் மாட்டினால் படகின் எடைக்கு நரம்பு அறுந்துவிடும். இங்கே பரிசலுக்கு எடையே இல்லை, நாங்கள்தான் நரம்பைச் சுற்றி வட்டமடித்தோம். அக்கா துடுப்பை மாற்றிப் போட்டு மறுபக்கம் போய் நின்றார். அங்கிருந்து இழுத்ததும் விடுபட்டது. ரப்பரோடு பழைய வலையின் ஒரு கிழிசலும் சேர்ந்து மேலே வந்தது. எத்தனை காலமாகக் கீழே கிடந்ததோ, அதில் ஒரு ஜிலேபியின் முள்கூடு. கைவிடப்பட்ட வலை சும்மா கிடக்காது, அதுபாட்டுக்கு மீனைப் பிடித்துக் கொன்றுகொண்டே இருக்கும். மூழ்கிய கப்பல்களிலும் இதே கேடு உண்டு என்றார் மச்சான். கிழிசலைச் சுருட்டிப் பரிசலுக்குள் போட்டுக்கொண்டார் அண்ணன்.

தரை தட்டியதும் ரீலை இரண்டு சுற்று சுற்றி, ரப்பரைக் கல்லுக்குச் சற்று மேலே நிறுத்தி, காற்று தள்ளும் போக்கில் விட்டார். வடகடலில் ஓதம் செய்யும் வேலையை இங்கே காற்று செய்கிறது. அப்படிச் சில தடவை ஒன்றுமில்லை. அக்கா கொட்டாவி விட்டார். அப்புறம் ராடின் நுனி ஒரேயடியாகத் தண்ணீரை நோக்கி வளைந்தது.

சண்டை நீளவில்லை, ஆனால் பரிசல் சுற்றிய சுற்றில் எனக்குத் தலை கிறுகிறுத்தது. மேலே வந்தது வாளை. தட்டையான நீள உடம்பு, வெள்ளிப் பட்டை போல ஒரு பளபளப்பு. வெள்ளி வேலைக்காரன் சொல்கிறேன், மெருகு போட்டாலும் அந்த நிறம் வராது. வயிற்றிலிருந்து வால் வரை ஒரே துடுப்பு. வாய் கண்ணையும் தாண்டிக் கிழிந்து கிடக்கிறது, உள்ளே அரம் போலப் பொடிப்பல் வரிசை. நீண்ட இரண்டு மீசை பரிசல் விளிம்பைத் தடவின. மச்சான் காட் மீனுக்குச் செய்வது போலக் கட்டைவிரலை வாய்க்குள் விடப் போனவர், பல்லைப் பார்த்ததும் கையை எடுத்துக்கொண்டார். அண்ணன் துணியைப் போட்டுப் பிடித்தார்.

"மூணு கிலோவுக்குக் குறையாது" என்றார். கரையில் தராசு இரண்டே முக்கால் காட்டியது.

இன்னொன்றும் மாட்டி, பாதி வழியில் கழன்றுகொண்டது. அடுத்த முறை ரப்பரே கல்லுக்குப் போய்விட்டது. அதற்குள் தண்ணீர் மேல் சிலிர்ப்பு ஓடத் தொடங்கியிருந்தது. அக்கா யாரிடமும் கேட்கவில்லை, துடுப்பைக் கரைப் பக்கம் போட்டுவிட்டார். திரும்பும்போது அலை பரிசலின் விளிம்பில் அறைந்து அறைந்து உள்ளே தெறித்தது. நானும் மச்சானும் மாறி மாறி எண்ணெய் கேனில் இறைத்தோம். ஆடி மாதத்தில் இதைவிடப் பல மடங்கு இருக்கும், அந்த நாட்களில் துறையிலேயே உட்கார்ந்துவிடுவோம் என்றார் அண்ணன். கரையில் கால் வைத்தபோது மணி ஒன்பது அடிக்கவில்லை. பின்னால் திரும்பிப் பார்த்தால் நடு அணையில் வெள்ளை வெள்ளையாக அலை உடைந்துகொண்டிருந்தது.

கூலி பேசியதை வாங்கிக்கொண்டார்கள், கூடுதலாகக் கொடுத்ததை அக்கா திருப்பிவிட்டார். மீதமிருந்த ரப்பர் மீன்களில் நாலை மச்சான் அண்ணனிடம் கொடுத்தார். அவர் அதை அமுக்கிப் பார்த்து, முகர்ந்து பார்த்து, "இதுல வாசனையே இல்லையே, இதைப் போய் அது எதுக்குத் தின்னுச்சு?" என்றார். நியாயமான கேள்விதான்.

வாளையைச் சித்தி வீட்டில் குழம்பு வைத்தார்கள். வாளைக்குச் செதில் கிடையாது, சாம்பலில் புரட்டி வழவழப்பை எடுக்க வேண்டும். புளி கொஞ்சம் தூக்கலாக, சின்ன வெங்காயம் நிறைய. நடு முள் ஒன்றை எடுத்துவிட்டால் பயமில்லாமல் சாப்பிடலாம். மச்சானின் சின்னவன் இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிக்கொண்டான்.

திங்கள், ஏற்காடு

பிள்ளைகளுக்காக ஒரு நாள். சேலம் அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் பலகையில் எண். சின்னவன் எண்ணிக்கொண்டே வந்தவன் பதினைந்தில் வாந்தி எடுத்தான். ஏரியில் பெடல் படகு. மச்சான் பெடலை மிதித்துக்கொண்டே தண்ணீரையே எட்டி எட்டிப் பார்த்ததில் படகு இரண்டு தடவை கரையில் முட்டியது. இதைப் பற்றி எழுத இவ்வளவுதான்.

லேடீஸ் சீட் காட்சிமுனையில் நின்றபோது மேற்கே தெளிவாக இருந்தது. அப்படித் தெளிவாக இருக்கும் நாளில் அங்கிருந்து மேட்டூர் அணைத் தண்ணீர் ஒரு தகடாகத் தெரியும். மச்சான் பண்ணவாடி எந்தப் பக்கம் என்று தேடிவிட்டு, வேறு ஒரு கணக்குப் போட ஆரம்பித்தார். பரிசலுக்கு நங்கூரம் போட முடியுமா? கல்லைக் கயிற்றில் கட்டி இறக்கினால் மரக்கட்டையில் மாட்டுமே? கப்பல்களின் மேல் அவர்கள் நங்கூரம் போடும்போது, இழுத்தால் தானாக நிமிர்ந்து கழன்றுவிடும் கம்பிக் கொக்கி ஒன்று போடுவார்களாம். மெல்லிய இரும்புக் கம்பி நாலு, ஒரு குழாய், அவ்வளவுதான். "உங்க பட்டறையில வளைச்சுடலாமா மாப்ள?"

எங்கள் பட்டறையில் வளைப்பது கொலுசுக் கம்பி. ஆனாலும் வளைக்கலாம் என்றேன். எட்டு மில்லிமீட்டர் கம்பி வேண்டும், அதற்குக் கம்பி மாற்றி வளைக்கும் ஆள் லீ பஜார் பக்கம் ஒருத்தர் இருக்கிறார். நாளை காலை அவரைப் பார்க்கப் போகிறோம். புரட்டாசி முடியட்டும், ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் நான் ஒரு நடை போய் அண்ணனிடம் கொடுத்துவிட்டு வருகிறேன். மழைக்காலத்தில் மேலேயிருந்து வெள்ளம் வந்தால் தண்ணீர் கலங்கிவிடும், கலங்கின தண்ணீரில் ரப்பர் மீன் யார் கண்ணுக்கும் படாது.

பண்ணவாடி போக நினைப்பவர்களுக்கு: துறையில் உரிமம் உள்ள பரிசலில் மட்டும் ஏறுங்கள், ஜாக்கெட்டை மாட்டிக்கொள்ளுங்கள், விடியுமுன் போய்விடுங்கள். அணைச் சுவர் பக்கம் யாரும் உங்களை மீன் பிடிக்க விடமாட்டார்கள், கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். கொளத்தூரில் காலை ஐந்து மணிக்கே ஒரு டீக்கடை திறந்திருக்கும். பன் கிடைக்கும், இட்லி ஏழு மணிக்கு மேல்தான்.